தப்பு காதிலா, கம்பியிலா?

வத்திராயிருப்பில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவனை எண்ணிக் கொள்ளுங்கள். மேற்கே மதில்போல் நிற்கும் மலை. ஊரைச் சுற்றி வயலும் தென்னையும். வெளியூரில் வேலை பார்க்கும் அவனுடைய மாமா, தாம் வாசிக்காமல் வைத்திருந்த ஒரு பழைய கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். சொல்லித் தர ஆள் இல்லை. ஒரு புத்தகமும், கைப்பேசியில் பார்க்கும் சில பாடங்களுமே துணை. ஒரு மாதத்தில் விரல் நுனிகள் காய்த்துப் போகின்றன. நான்கைந்து சுரக்கூட்டுகளும் கைக்கு வந்துவிடுகின்றன. மூன்று நான்கு சுரங்களை ஒன்றாக ஒலிப்பதைத்தான் சுரக்கூட்டு என்கிறோம். கிட்டார் வாசிப்போர் 'கார்டு' என்பார்கள்.

இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. 'ஈ' என்ற சுரக்கூட்டு தேனாக இனிக்கும்படி கம்பிகளைத் திருகி வைக்கிறான். உடனே 'ஜி' என்ற சுரக்கூட்டை வாசித்தால் கசக்கிறது. அதைச் சரி செய்தால் முதலாவது கெட்டுப் போகிறது. அரைமணி நேரம் முறுக்கியும் தளர்த்தியும் பார்த்து ஓய்ந்தபின், "நமக்குக் காது இல்லை, சங்கீதம் நம் வீட்டுக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறான். கிட்டார் பரண்மேல் ஏறிவிடுகிறது.

இந்த முடிவு சரிதானா? நண்பர்களே, ஓர் அறிவியல் மாணவன் இப்படி அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லலாமா? சந்தேகத்துக்கு உரியவர்கள் நால்வர் இருக்கிறார்கள்: கம்பி, மரம், கணக்கு, காது. காதைத் தண்டிக்கும் முன் மற்ற மூவரையும் விசாரிக்க வேண்டாமா? வாருங்கள், ஒவ்வொருவராக விசாரிப்போம். ஆசிரியர் இல்லாமல் கற்பவனுக்கு இந்த விசாரணையே ஓர் ஆசிரியர் ஆகும்.

ஆறு கம்பிச் சுரமானி

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் சுரமானி என்ற நீண்ட மரப்பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் ஒரு கம்பி ஓடும். முனையில் எடைக்கற்கள் தொங்கும். கம்பிக்கு அடியில் இரண்டு கத்தி முனைகளை நகர்த்தி, அதிரும் நீளத்தை மாற்றலாம். கிட்டார் என்பது ஆறு கம்பிகள் கொண்ட சுரமானிதான். எடைக்கற்களுக்குப் பதிலாக முறுக்காணிகள். கத்தி முனைகளுக்குப் பதிலாகக் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள். இந்தக் கோடுகளுக்கு 'ஃப்ரெட்' என்று பெயர். வீணையில் சொல்வதுபோல் நாமும் மெட்டு என்றே சொல்வோம்.

கம்பியின் அதிர்வு மூன்று விதிகளுக்குக் கட்டுப்படுகிறது. பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-இல் வெளியிட்ட நூலில் இவற்றைத் தொகுத்துக் கொடுத்தார்.

1. நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரு மடங்காகும்.
2. இழுவிசையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் இரு மடங்காகும். அதாவது, அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும்.
3. ஒரு மீட்டர் கம்பியின் நிறையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் பாதியாகும்.

இரண்டாம் விதிக்குப் பின்னால் ஒரு சுவையான செய்தி உண்டு. எடையை இரு மடங்காக்கினால் சுரமும் இரு மடங்கு உயரும் என்று பழைய நூல்கள் பைதாகரஸ் பெயரால் சொல்லி வந்தன. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் வின்சென்சோ என்ற இசைவாணர் கம்பியில் எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். இரண்டு மடங்கு போதாது, நான்கு மடங்கு வேண்டும் என்று கண்டார். இவர் லூட் என்ற நரம்புக் கருவியை வாசித்தவர். இவருடைய மகனை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் கலிலியோ!

கிட்டாரின் ஆறு கம்பிகளும் ஏறத்தாழ ஒரே நீளம். பெரும்பாலான கிட்டார்களில் 65 செ.மீ. அப்படியானால் சுரம் எப்படி வேறுபடுகிறது? மூன்றாம் விதியால்தான். கனத்த கம்பி மெல்ல அதிரும். மெல்லிய கம்பி விரைந்து அதிரும். கனத்த ஆறாம் கம்பியிலிருந்து முதற்கம்பி வரை, நொடிக்கு எத்தனை அதிர்வுகள் என்பது இதோ:

ஆறாம் கம்பி (ஈ): 82.4
ஐந்தாம் கம்பி (ஏ): 110.0
நான்காம் கம்பி (டி): 146.8
மூன்றாம் கம்பி (ஜி): 196.0
இரண்டாம் கம்பி (பி): 246.9
முதற்கம்பி (ஈ): 329.6

முதற்கம்பி எஃகினால் ஆனது, 0.254 மி.மீ. தடிப்பு உள்ளது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அதன் இழுவிசை சுமார் 73 நியூட்டன் என்று வரும். அதாவது, தலைமயிர் போன்ற அந்தக் கம்பியில் ஏழரைக் கிலோ எடை தொங்குவதற்குச் சமம்! எஃகுக் கம்பி கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து 60, 70 கிலோ எடையளவுக்கு இழுக்கும். ஆகவே கம்பியை முறுக்கும்போது மெல்ல முறுக்குங்கள். முகத்தைக் கம்பிக்கு நேராக வைக்காதீர்கள். அறுந்தால் சாட்டைபோல் அடிக்கும்.

முதல் சந்தேகம்: கம்பி

புதுக் கம்பி மாட்டியவுடன் சுருதி நிற்காது. முறுக்காணியில் சுற்றிய சுற்றுகள் இறுகி, கம்பி தன் இடத்தில் படியும்வரை இழுவிசை குறைந்துகொண்டே வரும். முதல் சில நாட்கள் அடிக்கடி சேர்க்க வேண்டியதுதான். இது யாருடைய குற்றமும் அன்று.

முறுக்காணியின் பற்சக்கரங்களுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்கும். சுரத்தை மேலிருந்து கீழே இறக்கி நிறுத்தினால், வாசிக்கும்போது அந்த இடைவெளியளவு கம்பி நழுவிவிடும். எனவே சுரம் கூடிவிட்டால், வேண்டிய அளவுக்கும் கீழே இறக்கிவிட்டு, மறுபடி கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள்.

பழைய கம்பியில் வேறொரு கோளாறு. வியர்வையும் அழுக்கும் துருவும் கம்பியின் நீளம் முழுவதும் ஒரே சீராகப் படிவதில்லை. ஓரிடத்தில் கனம் கூடுதல், ஓரிடத்தில் குறைவு. மூன்றாம் விதியை நினைத்துப் பாருங்கள். அத்தகைய கம்பி ஒரு மெட்டில் சரியாகவும் மற்றொரு மெட்டில் தவறாகவும் ஒலிக்கும். எவ்வளவு திருகினாலும் அது சேராது. மாற்றுவதே வழி.

இரண்டாம் சந்தேகம்: மரம்

கிட்டார் செய்தவர் மெட்டுகளைச் சரியான இடத்தில் பதித்திருக்கிறாரா? இதைச் சோதிக்க ஓர் அளவுகோல் போதும்.

ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்குப் போனால் சுரம் அரைப்படி ஏறுகிறது. 12 அரைப்படிகள் ஏறினால் அதிர்வெண் இரு மடங்காக வேண்டும். 12 படிகளும் சமமாக இருக்க வேண்டுமானால், ஒவ்வொரு படியிலும் அதிர்வெண்ணை ஒரே எண்ணால் பெருக்க வேண்டும். அப்படி 12 முறை பெருக்கினால் 2 வர வேண்டும். அந்த எண் 1.05946. சீன அறிஞர் சூ சாய்யூ 1584-இல் இதை மிகத் துல்லியமாகக் கணக்கிட்டார்.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1581-இல், நம் வின்சென்சோ ஓர் எளிய வழி சொன்னார்: மீதியிருக்கும் நீளத்தைப் பதினெட்டால் வகுத்து, அந்த அளவு தள்ளி அடுத்த மெட்டை வையுங்கள் என்றார். 65 செ.மீ. கம்பிக்கு இந்த வழியைப் பன்னிரண்டு முறை பின்பற்றினால், பன்னிரண்டாம் மெட்டு இருக்க வேண்டிய நடு இடத்துக்குச் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் முன்னாலேயே வந்துவிடுகிறது. இன்று 18-க்குப் பதில் 17.817 என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அப்படிக் கணக்கிட்டால், 650 மி.மீ. கிட்டாரில் தலைப்பக்கத்திலிருந்து மெட்டுகளின் தொலைவு:

1-ஆம் மெட்டு: 36.5 மி.மீ.
2-ஆம் மெட்டு: 70.9 மி.மீ.
3-ஆம் மெட்டு: 103.4 மி.மீ.
4-ஆம் மெட்டு: 134.1 மி.மீ.
5-ஆம் மெட்டு: 163.0 மி.மீ.
7-ஆம் மெட்டு: 216.2 மி.மீ.
12-ஆம் மெட்டு: 325.0 மி.மீ.

உங்கள் கிட்டாரின் நீளம் வேறாக இருந்தால், தலைப்பக்கத்திலிருந்து 12-ஆம் மெட்டு வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுவே கணக்குக்கு உரிய நீளம்.

மெட்டுகள் சரியாக இருந்தாலும் வேறொரு பிழை வரலாம். விரலால் அழுத்தும்போது கம்பி கீழ்நோக்கி வளைகிறது, அதனால் இழுவிசை சற்றே கூடுகிறது, சுரமும் ஏறுகிறது. கம்பி உயரமாக இருந்தால் இந்த ஏற்றம் அதிகம். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. 12-ஆம் மெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல், இறகால் தொடுவதுபோல் விரலால் தொட்டுக்கொண்டு மீட்டுங்கள். உடனே விரலை எடுத்துவிடுங்கள். மணிபோல் ஒரு சுரம் எழும். கம்பியின் நடுவில் கணு ஏற்பட்டு, அது இரு பாதிகளாக அதிர்வதால் வரும் சுரம் இது. அடுத்து அதே மெட்டில் நன்றாக அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அழுத்திய சுரம் ஏறியிருந்தால், கம்பி மிக உயரமாக இருக்கிறது அல்லது குதிரையிலுள்ள பட்டை தலைப்பக்கம் நெருங்கியிருக்கிறது என்று பொருள். (அடிப்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் பகுதியை வீணையில் குதிரை என்பார்கள்.) அந்தப் பட்டையைப் பாருங்கள், எஃகுக் கம்பி கிட்டாரில் அது சற்றுச் சாய்வாக வைக்கப்பட்டிருக்கும். அழுத்துவதால் ஏறும் சுரத்தை ஈடுகட்டவே கனத்த கம்பிகளுக்குச் சிறிது கூடுதல் நீளம் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் இரண்டு மெட்டுகளில் மட்டும் சுரம் கோணினால், தலைப்பக்கத்துப் பட்டையில் கம்பி பதியும் பள்ளங்கள் போதிய ஆழம் இல்லை என்று அறியலாம். இந்தப் பிழைகளை மரவேலை தெரிந்த இசைக்கருவிக் கடைக்காரர் சிறிது நேரத்தில் சரிசெய்துவிடுவார். நீங்களே அரத்தை எடுத்துவிடாதீர்கள். தேய்த்ததை மீண்டும் வளர்க்க முடியாது.

மரம் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். ஐப்பசி கார்த்திகை மழையில் பலகை உப்பிக் கம்பி உயரும், கோடையில் சுருங்கும். கிட்டாரை வெயிலிலும், சூடேறும் ஓட்டுக்கூரைக்கு அடியிலும் வைக்காதீர்கள். ஒட்டிய பசை இளகினால் 60 கிலோ இழுப்புக்குக் குதிரையே பெயர்ந்து வந்துவிடும்.

விம்மலைக் கேளுங்கள்

மூன்றாம் சந்தேகத்துக்குப் போகுமுன், சுருதி சேர்க்கும் முறையைக் கற்றுக்கொள்வோம். ஆறாம் கம்பியை 5-ஆம் மெட்டில் அழுத்தினால் வரும் சுரமும், ஐந்தாம் கம்பியைத் திறந்து மீட்டினால் வரும் சுரமும் ஒன்றே: 110. இரண்டையும் சேர்த்து மீட்டுங்கள். ஒன்று 112 ஆகவும் மற்றது 110 ஆகவும் இருந்தால் என்ன கேட்கும்? இரண்டு அலைகளும் ஒரு சமயம் ஒன்றையொன்று வலுப்படுத்தும். மறு சமயம் ஒன்றையொன்று அழிக்கும். ஒலி 'வுவ்... வுவ்...' என்று ஏறி இறங்கும். இதுவே விம்மல். ஒரு நொடியில் கேட்கும் விம்மல்களின் எண்ணிக்கை இரு அதிர்வெண்களின் வேறுபாட்டுக்குச் சமம். இங்கே நொடிக்கு இரண்டு.

இப்போது ஐந்தாம் கம்பியை மெல்ல ஏற்றுங்கள். விம்மல் சோம்பலாகிக் கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதுவே சேர்ந்த இடம். இதே முறையில் ஐந்தாவதைக் கொண்டு நான்காவதையும், நான்காவதைக் கொண்டு மூன்றாவதையும் 5-ஆம் மெட்டில் சேருங்கள். மூன்றாவதைக் கொண்டு இரண்டாவதைச் சேர்க்க மட்டும் 4-ஆம் மெட்டு. இரண்டாவதைக் கொண்டு முதலாவதைச் சேர்க்க மறுபடியும் 5-ஆம் மெட்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. விம்மலைக் கேட்கப் பாட்டு ஞானம் தேவையில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். "எனக்குக் காது இல்லை" என்று சொன்ன பலர் பத்து நிமிடத்தில் விம்மலைப் பிடித்துவிடுவார்கள். கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலிகள் இன்று இருக்கின்றன, அவற்றையும் பயன்படுத்துங்கள். ஆனால் முதலில் காதால் சேர்த்துவிட்டு, பிறகு செயலியைப் பார்த்துச் சரிபாருங்கள். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவது கணக்கு ஆகாது அல்லவா?

மூன்றாம் சந்தேகம்: கணக்கு

கம்பி புதிது, மெட்டுகள் சரி, விம்மலும் நின்றுவிட்டது. இருந்தும் 'ஈ' சுரக்கூட்டு முற்றிலும் இனிக்கவில்லை. உள்ளே ஏதோ நெளிகிறது. ஏன்?

ஆய்வுக்கூடத்துக்குச் செல்வோம். அங்கே இசைக்கவைகள் இருக்கும். 256, 320, 384 என்று எண் பொறித்த மூன்றையும் எடுத்து, ரப்பர் அட்டையில் தட்டி, ஒரே சமயத்தில் ஒலிக்கச் செய்யுங்கள். எவ்வளவு அமைதி! விம்மலே இல்லை. மூன்று எண்களையும் 64-ஆல் வகுத்துப் பாருங்கள்: 4, 5, 6. முழு எண் விகிதங்களில் உள்ள சுரங்கள் இப்படித்தான் ஒன்றோடொன்று இழையும். 320-ஐ 256-ஆல் வகுத்தால் 1.25. இதுவே காதுக்குத் தூய்மையான இடைவெளி. நம் இசையில் சட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு உள்ள தூரம் இது.

கிட்டாரில் இதே தூரம் நான்கு மெட்டுகள். 1.05946-ஐ நான்கு முறை பெருக்கினால் 1.2599 வருகிறது. 1.25 அன்று! வேறுபாடு சிறிதுதான், ஆனால் காது கண்டுபிடித்துவிடுகிறது. எப்படி?

ஒரு கம்பி தன் அடிப்படைச் சுரத்தோடு, அதன் 2, 3, 4, 5 மடங்கு அதிர்வெண்களையும் சேர்த்தே ஒலிக்கிறது. இவற்றைச் சீரிசைகள் என்கிறோம். ஆறாம் கம்பியின் (82.4) ஐந்தாம் சீரிசை 412.0. 'ஈ' சுரக்கூட்டில் மூன்றாம் கம்பியை முதல் மெட்டில் அழுத்துகிறோம். அதன் அதிர்வெண் 207.65, அதன் இரண்டாம் சீரிசை 415.3. வேறுபாடு 3.3. ஆகவே நொடிக்கு மூன்று விம்மல்களுக்கு மேல் கேட்கின்றன. நம் மாணவனின் காதில் நெளிந்தது இதுதான்.

அவன் என்ன செய்தான்? விம்மல் நிற்கும்வரை மூன்றாம் கம்பியைத் தளர்த்தினான். 'ஈ' இனித்தது. ஆனால் திறந்த மூன்றாம் கம்பி 196-இலிருந்து 194.5-க்கு இறங்கிவிட்டது. அடுத்து 'ஜி' சுரக்கூட்டு. அதில் ஆறாம் கம்பியின் 3-ஆம் மெட்டு 98 ஒலிக்கிறது. அதன் இரு மடங்கான 196-உம், தளர்ந்த மூன்றாம் கம்பியின் 194.5-உம் மோதுகின்றன. நொடிக்கு ஒன்றரை விம்மல்! ஒரே பெயருள்ள மேல் சுரமும் கீழ்ச் சுரமும் சேராவிட்டால் காது பொறுக்காது. அதைச் சரி செய்ய மூன்றாம் கம்பியை ஏற்றினால் 'ஈ' கெடுகிறது. ஆயுள் முழுவதும் திருகினாலும் இந்த வட்டத்திலிருந்து வெளியேற முடியாது.

கிட்டார் செய்தவர் மெட்டுகளை வேறு இடத்தில் பதித்திருந்தால் தீர்ந்திருக்குமா? அதுவும் இல்லை. நான்கு மெட்டுகள் ஒரு காந்தார தூரம் என்றால், மூன்று காந்தார தூரங்கள் சேர்ந்து 12 மெட்டுகள். அதாவது சரியாக இரு மடங்கு ஆக வேண்டும். 1.25-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். 1.953 வருகிறது, 2 வரவில்லை. எந்தத் தச்சராலும் இந்தக் குறையை நீக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: குறையை 12 படிகளுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுவது. எந்தச் சுரக்கூட்டும் முற்றிலும் தூய்மையாக இராது. எதுவும் தாங்க முடியாத அளவு கெடவும் செய்யாது. ஓர் ஊரில் எல்லா வயலுக்கும் தண்ணீர் பாய, ஒவ்வொருவரும் சிறிது விட்டுக்கொடுப்பது போன்ற ஏற்பாடு இது.

எனவே ஒரே ஒரு சுரக்கூட்டை வைத்துக்கொண்டு சுருதி சேர்க்காதீர்கள். மேலே சொன்ன 5-ஆம் மெட்டு முறையில் சேர்த்து, அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு பாட்டில் ஒரே சுரக்கூட்டு அதிகம் வருமானால், அந்தப் பாட்டுக்கு மட்டும் ஒரு கம்பியை இம்மியளவு மாற்றிக்கொள்ளும் கலைஞர்களும் உண்டு. தெரிந்து செய்தால் அது உத்தி. தெரியாமல் செய்தால் தொல்லை.

காது நிரபராதி

இப்போது நான்காம் சந்தேகத்தைப் பாருங்கள். நொடிக்கு மூன்று விம்மல்களை உணர்ந்து, "ஏதோ சரியில்லை" என்று சொன்ன காது கெட்ட காதா? நல்ல காது! அதுவும் நம் ஊர்க் காதுக்கு இது இன்னும் கூர்மையாகத் தெரிவதில் வியப்பில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் திருவிழாவில் நாகசுரம் கேட்டிருப்பீர்கள். பின்னணியில் சுருதி இடைவிடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். நம் இசையில் சட்ஜம் மாறுவதில்லை. ஒரே சட்ஜத்தோடு மற்றச் சுரங்களைச் சேர்த்துக்கொள்வதால், 12 படிகளையும் சமமாக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நன்றாகச் சேர்ந்த தம்பூராவில், யாரும் மீட்டாமலே காந்தாரம் தானாக எழும் என்பார்கள். அது வேறொன்றுமில்லை, சட்ஜக் கம்பியின் ஐந்தாம் சீரிசைதான். அந்தக் காந்தாரம் தூய 1.25 உறவில் அமைந்தது. அதைக் கேட்டு வளர்ந்த காது, கிட்டாரின் 1.2599-ஐ முதலில் ஏற்க மறுத்தால் அதைக் குற்றம் சொல்லலாமா?

வீணையில் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிக்கப்படுகின்றன. வீணை செய்பவர் காதால் கேட்டு அவற்றை நகர்த்தி வைக்க முடியும். வாசிப்பவரும் கம்பியை இழுத்துச் சுரத்தை வளைக்கிறார். யாழில் மெட்டே கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். பழந்தமிழரின் யாழைக் கணக்கிட்டு ஆராய்ந்து, விபுலானந்த அடிகள் 1947-இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். அவர் அறிவியலும் கற்றுக் கற்பித்தவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

தம்பூராவும் வீணையும் வேறொரு மேதையையும் ஈர்த்தன. சர் சி.வி. இராமன் 1907 முதல் கல்கத்தாவில் நிதித்துறை அலுவலராக வேலை பார்த்தார். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று, கம்பிகளின் அதிர்வை ஆராய்ந்தார். 1917-இல்தான் பேராசிரியர் பதவிக்கு வந்தார். அதுவரை பத்தாண்டுகள் ஓய்வு நேரத்தில் செய்த ஆராய்ச்சிதான்!

1921-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை இது: சாதாரணக் கம்பியில் ஒரு சீரிசையின் கணு இருக்கும் இடத்தில் மீட்டினால், அந்தச் சீரிசை எழாது. இது யங் என்பவர் கண்ட விதி. ஆனால் தம்பூராவிலும் வீணையிலும் அந்தச் சீரிசை கேட்கிறது! காரணம், அவற்றின் குதிரை தட்டையாக, மெல்லிய வளைவோடு இருப்பதே. கம்பி அதில் உராய்ந்து எழுவதால் மேற்சுரங்கள் பிறக்கின்றன என்று அவர் விளக்கினார். கிட்டாரின் பட்டை மெல்லியது. ஆகவே யங்கின் விதி இங்கே ஏறத்தாழச் செல்லும். கம்பியின் நடுவில் மீட்டுங்கள். ஒலி குழைவாக இருக்கும். குதிரைக்கு அருகில் மீட்டுங்கள்; கணீரென்று இருக்கும். ஒரே கம்பியில் இரண்டு குரல்கள்! பாட்டின் உணர்ச்சிக்கேற்பக் கையை நகர்த்தினால் போதும்.

லயத்துக்கு ஒரு கல்லும் நூலும்

சுருதி சேர்ந்துவிட்டது. அடுத்தது தாளம். தனியாகப் பயில்வோரின் பெரிய குறை, எளிதான இடத்தில் ஓடுவதும் கடினமான இடத்தில் தயங்குவதும்தான். வாசிப்பவருக்கு இது தெரியாது. கேட்பவருக்கு உடனே தெரியும்.

தந்தை கம்பியை ஆராய்ந்தார். மகன் கலிலியோ ஊசலை ஆராய்ந்தார். அந்த ஊசலே நமக்குத் தாளக்கருவி. ஒரு சிறு கல்லை நூலில் கட்டிச் சாளரத்தில் தொங்கவிடுங்கள். நூல் 99 செ.மீ. இருந்தால், ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போக ஒரு நொடி. நிமிடத்துக்கு 60 தட்டு. 44 செ.மீ. என்றால் 90. 25 செ.மீ. என்றால் 120. (நீளத்தைக் கல்லின் நடுவரை அளக்கவும்.) ஊசலைப் பார்த்துக்கொண்டே சுரக்கூட்டுகளை மாற்றிப் பழகுங்கள். முதலில் நீண்ட நூல். பிழையில்லாமல் வந்தபின் நூலைக் குறையுங்கள். கைப்பேசியில் உங்கள் வாசிப்பைப் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது கேட்காத பிழைகள் அப்போது கேட்கும்.

மேடைக்கு வருமுன்

ஆண்டு விழாவில் வாசிக்க ஆசையா? முதலில் கிட்டாரின் வலிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். மெல்லிய கம்பியால் காற்றை அதிகம் அசைக்க முடியாது. அதன் அதிர்வு குதிரை வழியே மேற்பலகைக்குப் போகிறது. பலகைதான் காற்றை அசைக்கிறது. பெட்டிக்குள் உள்ள காற்றும், வாய் குறுகிய குப்பியில் ஊதினால் ஒலிப்பதுபோல், ஒத்ததிர்வால் துணை செய்கிறது. நொடிக்குச் சுமார் 100 அதிர்வுகளில் இது வலுவாக நிகழும். ஒலித்துளையருகே தாழ்ந்த குரலில் முனகி, மெல்லச் சுரத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரு சுரத்தில் பெட்டி 'ம்ம்' என்று கூடவே பாடும். பலகையை உடம்போடு இறுக்கி அணைத்தால் இந்த அதிர்வு அடங்கிவிடும் என்பதை மறவாதீர்கள்.

மேடையில் ஏறியபின் சுருதி சேர்க்கத் தொடங்காதீர்கள். முன்பே சேர்த்து, மேடையில் சரி மட்டும் பாருங்கள். விளக்கின் சூட்டில் எஃகு விரிந்து சுரம் சற்றே இறங்கக்கூடும். நடுவில் பிழை வந்தால் நிற்காதீர்கள். தாளம் போய்க்கொண்டே இருக்கட்டும்.

தானே பயில்வது என்றால் ஆசிரியரே வேண்டாம் என்று பொருளா? இல்லை. வத்திராயிருப்புக்கு மேற்கே வருசநாட்டு மலைகளைத் தாண்டினால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்குள்ள பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, இளம் வயதில் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தார். பிறகு சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையை முறையாகக் கற்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்விலும் தேறினார். 1976-இல் 'அன்னக்கிளி' வெளிவருமுன், பிறருடைய இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்தவர் அவர். ஆசிரியர் கிடைக்கும்வரை காத்திருக்கவும் இல்லை. கிடைத்தபின் கற்பதை விடவும் இல்லை. நல்ல கேள்விகளோடு வரும் மாணவனை எந்த ஆசிரியரும் விரும்புவார். "எனக்குக் காது இல்லை" என்பது கேள்வி ஆகாது. "மூன்றாம் கம்பியில் நொடிக்கு மூன்று விம்மல், ஏன்?" என்பது கேள்வி.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் கிட்டாரின் கணக்கு நீளம் 640 மி.மீ. என்றால், 12-ஆம் மெட்டும் முதல் மெட்டும் எங்கே இருக்க வேண்டும்?
2. முதற்கம்பியின் சுரத்தை முறுக்கியே இரு மடங்காக்க முயன்றால் இழுவிசை எவ்வளவு ஆகும்?
3. இரண்டாம் கம்பியின் முதல் மெட்டு 261.6. இதையும் 256 இசைக்கவையையும் சேர்த்து ஒலித்தால் எத்தனை விம்மல்கள் கேட்கும்?
4. கம்பியை 7-ஆம் மெட்டின் மேல் தொட்டு மீட்டினால், அது மூன்று பகுதிகளாக அதிர்ந்து மணிச்சுரம் எழும். 650 மி.மீ. கம்பியில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு? 7-ஆம் மெட்டின் தொலைவோடு ஒப்பிடுங்கள். ஏன் இரண்டும் ஒன்றாக இல்லை?

விடைகள்: 1. 320 மி.மீ.; 35.9 மி.மீ. 2. நான்கு மடங்கு, அதாவது ஏறத்தாழ 30 கிலோ எடை. அதற்கு முன்பே கம்பி அறுந்துவிடும், ஆகவே செய்து பார்க்க வேண்டாம்! 3. நொடிக்கு ஐந்து அல்லது ஆறு. 4. 216.7 மி.மீ.; மெட்டு இருப்பதோ 216.2 மி.மீ.-இல். அந்த அரை மில்லிமீட்டர்தான் 12 படிகளையும் சமமாக்க இந்தச் சுரம் விட்டுக்கொடுத்த பங்கு.